வானில் ஒரு மணி. வாசல் சேர ஐந்து மணி!

சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே தொலைவு எவ்வளவு? ரயில்வே அட்டவணை ஒரு விடை தரும். சாலை போடுகிறவர் வேறொரு விடை தருவார். விமானக் கம்பெனி மூன்றாவது விடை தரும். மூன்றும் மெய்தான்! மெய்யாக இருந்தும் என்ன? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே லேத்துக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று, சனிக்கிழமை சங்கு ஊதியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலத்துக்குப் புறப்படுகிறானே நம் தோழன், அவனுக்கு மூன்றில் ஒன்றுகூடப் பயன்படுவதில்லை. அவன் கேட்பது நாலாவது கணக்கு. "என் வாசலிலிருந்து அம்மா வாசலுக்கு எத்தனை மணி நேரம்?" இந்தக் கேள்விக்கு விடை எழுதிய அட்டவணையை நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே நாமே போட்டுப் பார்ப்போம், தோழர்களே.

முதலில் விமானக் கணக்கு. மீனம்பாக்கத்து ஓடுபாதையிலிருந்து ஓமலூரை அடுத்த காமலாபுரத்து ஓடுபாதை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினால், நூலின் நீளம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். பூமி உருண்டை, ஆகவே நூலும் உருண்டையின் மேனியை ஒட்டி வளைந்துதான் கிடக்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது. அதைத்தான் "வான்தொலைவு" என்கிறார்கள். ரயிலோ சென்ட்ரலில் புறப்பட்டு அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று வளைந்து வளைந்து 334 கிலோமீட்டர் ஓடிச் சேலம் சேருகிறது. வானம் ஏறியவனுக்கு எழுபது கிலோமீட்டர் மிச்சம்.

சேலம் தடத்தில் பறப்பது ஏடிஆர் என்கிற சிறு விமானம். இருபுறமும் விசிறி சுழலும். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள் இருக்கும். உயரே போய் நிலைகொண்டபின் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 265ஐ 500ஆல் வகுத்துப் பாருங்கள்: அரைமணிக்கு இரண்டு நிமிடம் கூடுதல், அவ்வளவே! அப்படியானால் பயணச்சீட்டில் ஏன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்? ஏமாற்றா? இல்லை. சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை எடுத்த நொடி முதல், மறு ஊரில் கட்டையை மீண்டும் வைக்கும் நொடி வரை எண்ணுவது அவர்கள் வழக்கம். ஓடுபாதை வரை ஊர்ந்து போகவேண்டும். முன்னால் நிற்கிற விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும். காற்று எந்தத் திசையோ அந்தத் திசை நோக்கி ஏறி, பிறகுதான் சேலத்தின் பக்கம் திரும்பவேண்டும். இறங்கும்போதும் ஒரு சுற்று. ஆக, நேர்க்கோடு ஏட்டிலே இருக்கும். விமானம் அந்தக் கோட்டின் மேல் நடப்பதில்லை. ஆடி மாதமானால் மேற்கேயிருந்து காற்று வீசும். சேலம் நோக்கிப் போகிற சிறு விமானத்துக்குக் காற்று எதிர்க்கட்சி. சென்னைக்குத் திரும்புகையில் அதே காற்று ஆளுங்கட்சி!

இது வரைக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. அறிவியலின் ஆற்றலை மறுக்கிறவன் அல்லன் நான். ஒரு மணியில் சேலம் என்பது பெரிய காரியமே. ஆனால் மீனம்பாக்கத்திலே வீடு கட்டிக்கொண்டு, காமலாபுரத்திலே மாமியார் வீடு வைத்திருக்கிற பாக்கியசாலி யார்?

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் இந்தக் கணக்கை ஒரு லேத் தொழிலாளியோடு உட்கார்ந்து போட்டேன். தாரமங்கலத்துக்காரர், பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்குப் போகிறவர். நான் கிலோமீட்டரில் தொடங்கினேன். அவர் மணியில் தொடங்கினார். கையில் கரித்துண்டு இல்லை, காகிதம் இல்லை. விரலை மடக்கியே கணக்குச் சொன்னார்.

"பஸ் பிடிச்சுக் கோயம்பேடு. அங்கே மெட்ரோ ஏறி ஆலந்தூர். ஆலந்தூர்ல மாறி விமான நிலையம். ஒன்றேகால் மணி போட்டுக்குங்க, மழை பெய்யாட்டி. புறப்படறதுக்கு ஒரு மணிக்கு முன்னாடியே கவுண்டரைச் சாத்திடுவாங்களாம். அதுக்கு முன்ன வரிசை, பரிசோதனை. ஒண்ணரை மணி அதுக்கு. பறக்கிறது ஒரு மணி. இறங்கி வெளியே வரக் கால் மணி. அங்கிருந்து சேலம் இருபது கிலோமீட்டர். வண்டி கிடைச்சா முக்கால் மணி. எவ்வளவு ஆச்சுங்கண்ணா?"

கூட்டினேன். நாலே முக்கால் மணி! வண்டிக்கு நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணி. அதிலே வானத்தில் இருந்தது ஒரு மணி. மீதி நாலு மணியும் மண்ணிலே! வானம் சுருங்கிற்று, மண் சுருங்கவில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும்: ஓமலூர்க்காரனுக்கும் தாரமங்கலத்துக்காரனுக்கும் காமலாபுரம் பக்கத்திலேயே இருக்கிறது, அவர்களுக்கு அரை மணி குறையலாம். சேலம் நகரத்தானுக்கும் ஆத்தூர்க்காரனுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இப்போது ரயில் கணக்கு. இங்கேதான் வயிறு எரிகிறது. சேலத்துக்குப் போகிற ரயில் எந்த வழியாகப் போகிறது? வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி! நம் தோழன் குடியிருக்கும் தெருமுனையைக் கடந்து, அவன் கூரையை அதிரவைத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஏறமுடியுமா? விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை அம்பத்தூரிலும் நிற்பதில்லை, ஆவடியிலும் நிற்பதில்லை. சில வண்டிகள் பெரம்பூரில் நிற்கும். அங்கே போகவும் இவன் பின்னோக்கித்தான் போகவேண்டும். ஆகவே மேற்கே போகவேண்டியவன் கிழக்கே போகிறான். மின்சார ரயிலில் தொத்திக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து 15 கிலோமீட்டர் அளவில், ஆவடியிலிருந்து 20க்கும் மேல் பின்னால் போய், சென்ட்ரலில் இறங்கி, மூட்டையோடு ஓடி, வண்டியைப் பிடித்து உட்கார்ந்தால், அரை மணியில் அந்த வண்டி அவன் வீட்டு வாசலையே கடந்து போகிறது! சன்னலோரம் உட்கார்ந்து, தான் காலையில் பூட்டிவிட்டு வந்த கதவைப் பார்த்துக்கொண்டே போகலாம். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவதாகக் கதை சொல்வார்கள். தென்னக ரயில்வே அதைக் கால அட்டவணையாகவே அச்சிட்டிருக்கிறது.

சென்ட்ரலிலிருந்து சேலத்துக்குச் சாதாரண விரைவு வண்டி நாலரை முதல் ஐந்து மணி எடுக்கும். பின்னோக்கிப் போன அரை மணியும், சென்ட்ரலில் காத்துக்கிடந்த முக்கால் மணியும் சேர்ந்தால் ஆறு மணி. அதே வண்டி அம்பத்தூரில் இரண்டு நிமிடம் நின்றால்? நாலரை மணியிலிருந்து நாலே முக்கால் மணிக்குள் அவன் சேலம் சந்திப்பில் இறங்கிவிடுவான். அதாவது, பழைய பெட்டி பூட்டிய சாதாரண ரயில், ஓர் இடத்தில் நின்றால் போதும், விமானத்துக்குச் சமமாகிவிடும்! ஓடுபாதை வேண்டாம், மானியம் வேண்டாம், ஒரு பிடி வயல்கூட வேண்டாம்.

மானியம் என்றேனே, அந்தக் கதையையும் கேளுங்கள். 2017 ஏப்ரலில் ஒன்றிய அரசு "உடான்" என்று ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டின் சாதாரணக் குடிமகன் பறக்கட்டும் என்று பொருள்படும் இந்திச் சொற்றொடரின் தலையெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர். சாதாரணக் குடிமகனுக்கு அந்தப் பெயர் புரியுமா என்று கேட்டால் நம்மை மொழிவெறியர் என்பார்கள்; போகட்டும். ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் ஏறக் காணவேண்டும் என்றார் பிரதமர். ஆசை நல்ல ஆசை. ஒரு மணி நேரப் பறப்புக்கு ரூ.2,500 அளவில் கட்டணம். ஆனால் பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அந்த விலை. கம்பெனிக்கு ஏற்படும் பற்றாக்குறையை ஈடுகட்ட நிதி. அதில் 80 பங்கு, பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள்மேல் போட்ட தீர்வையிலிருந்து வரும். 20 பங்கு மாநிலம் தரவேண்டும். விமான எரிபொருள்மேல் மாநிலம் வாங்கும் வரியை ஒரு விழுக்காடாகக் குறைக்கவேண்டும். காவலும் தீயணைப்பும் மாநிலம் இலவசமாகத் தரவேண்டும். பெயர் டில்லியுடையது, பளுவில் பங்கு மாநிலத்துக்கும்! மானியம் மூன்று ஆண்டுகளுக்கு. பிறகு சொந்தக் காலில் நின்றுகொள் என்பார்கள்.

நின்றதா? நான் சொன்னால் எதிர்க்கட்சிக்காரன் பேச்சு என்பார்கள். ஒன்றியத்தின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் வெளியிட்ட அறிக்கையைப் பார்க்கட்டும். முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் விமானம் எழும்பவே இல்லை. எழும்பிய 371இல் மூன்று ஆண்டு முழுமையும் ஓடியவை 112. மானியக் காலம் முடிந்தபின்னும் 2023 மார்ச்சில் உயிரோடிருந்தவை 54! நூறு குழந்தைக்குத் தொட்டில் கட்டி, ஏழு குழந்தையை வளர்த்த கதை இது.

சேலமே இதற்குச் சாட்சி. காமலாபுரத்து விமான நிலையம் 1993இல் எழுந்தது. சில மாதம் ஒரு கம்பெனி வந்துபோயிற்று. பிறகு மௌனம். 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் போயிற்று. மீண்டும் மௌனம். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் வந்தது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஓடுபாதை காத்திருந்த ஆண்டுகளே அதிகம். அதன்மேல் சக்கரம் உருண்ட ஆண்டுகள் குறைவு. விமானம் வரும்போது மாலையும் மேளமும் வந்தன. நின்றபோது ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. ரயிலை இப்படி நிறுத்திவிட்டுப் போகமுடியுமா? தண்டவாளத்திலே ஊரே வந்து உட்கார்ந்துவிடுமே!

சேலத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் இழுக்கவேண்டும் என்று எத்தனை பேருக்கு எத்தனை ஆவல்! 2018இல் எட்டுவழிச் சாலை என்று 277 கிலோமீட்டருக்குக் கோடு கிழித்தார்கள். மதிப்பு ரூ.10,000 கோடி. பறவை பறக்கும் வழி 265, இவர்கள் சாலை 277. முனைகள் சற்று வேறானாலும், இந்த நெருக்கத்தைக் கவனியுங்கள். வயல், கிணறு, தென்னந்தோப்பு எதையும் பாராமல் அளவுகோலை வைத்து இழுத்தால்தான் சாலை இவ்வளவு நேராக வரும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டத்து உழவர் கொதித்தெழுந்தனர். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், புதிதாக அறிவிப்புச் செய்து தொடரலாம் என்று வழிவிட்டது. அதே 2018இல்தான் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி மக்களும் விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று நின்றார்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொன்னவர்கள் யாருடைய நேரத்தை, யாருடைய நிலத்திலிருந்து வெட்டி எடுக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

குறுந்தொலைவுக்கு விமானம் தேவையா என்று கேட்பது பிற்போக்கு என்று சிலர் நினைக்கலாம். பிரான்ஸ் பிற்போக்கு நாடா? இரண்டரை மணிக்குள் ரயிலில் போய்ச்சேரக்கூடிய உள்நாட்டுத் தடங்களில் விமானம் பறக்கக்கூடாது என்று அங்கே சட்டம். 2023இல் நடைமுறைக்கு வந்தது. பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நான்ட், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்குப் பறந்த விமானங்கள் நின்றன. அங்கே அதற்குச் சொன்ன காரணம் புகை. ஆனால் தடை போட முடிந்ததற்குக் காரணம், மாற்றாக விரைவு ரயில் இருந்ததே. மாற்று இல்லாத இடத்தில் தடை போடுவது கொடுமை. அதை நான் கேட்கவில்லை.

ஏனென்றால் தூத்துக்குடிக்காரனிடம் போய் விமானம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளம் வான்வழியாக 530 கிலோமீட்டர் அளவு. முத்துநகர் விரைவு வண்டி எழும்பூரில் மாலை ஏறினால் மறுநாள் காலையில் இறக்கும். 650 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். ஏடிஆர் விமானம் ஒன்றரை மணி அளவில் போய்விடும். முன்னும் பின்னும் நாலு மணி சேர்த்தாலும் ஆறு மணிக்குள் வீடு. பாதி நேரம்! ஆவடியிலே டாங்கித் தொழிற்சாலையில் வேலைபார்க்கிறவனுக்கு ஊரிலிருந்து தாய் இறந்த செய்தி காலையில் வந்தால், எடுத்துப் புதைப்பதற்குமுன் முகம் பார்க்க அது ஒன்றுதான் வழி. நாலைந்து நாள் கூலி போனாலும் போகட்டும் என்று அவன் ஏறுவான். அந்த இருக்கைக்கு மானியம் கொடுங்கள், கைதட்டுகிறோம். 265 கிலோமீட்டருக்கும் 530 கிலோமீட்டருக்கும் ஒரே சூத்திரம் போடுகிறவர்களைத்தான் கேட்கிறேன், தரையில் செலவாகிற நாலு மணி இரண்டுக்கும் ஒன்றுதானே? குறுகிய பயணத்தை அது விழுங்கிவிடுகிறது. நீண்ட பயணத்தில் அது ஒரு கவளம்.

இந்த நாலு மணி இன்னும் வளரக்கூடும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் நகரத்திலிருந்து 70 கிலோமீட்டர் அளவில் உள்ள பரந்தூரில் என்று 2022இல் முடிவாயிற்று. ஏகனாபுரத்து உழவர் அன்று முதல் எழுப்பிவரும் குரல் தனியே எழுதவேண்டியது. இங்கே இரண்டு வரியில் அடக்கி அதைச் சிறுமைப்படுத்தமாட்டேன். பயணக் கணக்கை மட்டும் சொல்கிறேன். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ நீட்டத் தீட்டிய திட்டமே 53 கிலோமீட்டர் அளவு. பூந்தமல்லிக்காரனுக்கு அது ஓர் ஏற்றம். சுங்குவார்சத்திரம் போகிற தொழிலாளிக்கும் பயன். ஆனால் 53 கிலோமீட்டர் மேற்கே போய், அங்கிருந்து விமானமேறிச் சேலம் போகிறவன் எவன்? அவ்வளவு தூரம் போனவன் பேருந்திலேயே வேலூரைத் தாண்டிவிடமாட்டானா?

ஒரு செய்தியைச் சொல்லாமல் விடமுடியாது. வந்தே பாரத் என்கிற அந்த வெள்ளை ரயில் எங்கே பிறந்தது? பெரம்பூர் ஐ.சி.எப்.பில்! 1955இல் தொடங்கிய தொழிற்சாலை. வில்லிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியிருக்கும் தொழிலாளர் கை பட்டு, 2018இல் முதல் வண்டி வெளியே வந்தது. ஓடியது எங்கே? 2019 பிப்ரவரியில் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே. பெற்ற ஊருக்கு அந்தப் பிள்ளை வந்தது 2022 நவம்பரில், மைசூர் வண்டியாக. சென்னை–கோவை வண்டி 2023 ஏப்ரலில். சேலத்துக்கு மூன்றரை மணி அளவில் போய்விடுகிறது. விமானத்தை முழுக்கணக்கில் தோற்கடிக்கிற வேகம். பெட்டியைப் பூட்டியவன், கம்பியை இணைத்தவன், சாயம் அடித்தவன், மாலையில் அம்பத்தூர் நடைமேடையில் நின்றுகொண்டு தான் செய்த வண்டி நில்லாமல் பறப்பதைப் பார்க்கிறான். தூசு மட்டும் அவன் சட்டையில் நிற்கிறது.

வந்தே பாரத்தை ஒவ்வொரு ஊரிலும் நிறுத்து என்று கேட்கும் அறியாமை நமக்கில்லை. ஒரு வண்டி வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஐந்து நிமிடம் அளவில் போகும். எல்லா ஊரிலும் நின்றால் விரைவு வண்டி மாட்டு வண்டியாகிவிடும். நாம் கேட்பது சாதாரண விரைவு வண்டிகளை. அதிலும் ஷிப்ட் முடிந்தபின் மேற்கே போகிற ஒன்றிரண்டு மாலை வண்டிகளும், ஓர் இரவு வண்டியும், திங்கள் விடியலில் திரும்பி வருகிற ஒன்றும். முன்பதிவு இல்லாப் பெட்டிகள் நாலாவது இருக்கவேண்டும். ஆவடி பெயர் 1955இல் காங்கிரசு மாநாட்டிலே "சமதர்ம பாணி" என்ற தீர்மானத்தால் நாடெல்லாம் பரவிற்று. ஆவடியின் பெயரைத் தீர்மானத்தில் நிறுத்தியவர்கள் ஆவடியில் ரயிலை நிறுத்த மறந்துவிட்டார்கள்!

அம்பத்தூர் திருப்பெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர்த் தொகுதியில். இரண்டு தொகுதி உறுப்பினர்களிடமும் மனு போகவேண்டும். ஒரு படி சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு. கிளைக்கழகத் தோழர்கள் தொழிற்சாலை வாசலில் நின்று, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை போகிறவர் எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சங்கு என்று எழுதி வாங்கட்டும். "மக்கள் கோருகின்றனர்" என்று மொத்தமாக எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். வாயில் வாரியாக எண்ணிக்கையும் நேரமும் போட்டு, வண்டி எண்ணையும் குறித்து, எழுதியவர் கையொப்பத்தோடு கொடுங்கள். தீபாவளிக்கு முன்னதாகவே கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள். பண்டிகை வாரத்தில் எடுத்தால், அது திருவிழாக் கூட்டம் என்று தள்ளிவிடுவார்கள்.